ஒரு கரண்டி எண்ணெய்

இந்த டீயில் ஏலக்காய் இல்லை. தோலை நசுக்கிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த ஏல அரிசியை வேறு எங்கோ விற்றுவிட்டு, வெறும் தோலைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புகிற ஒருவன் போடிநாயக்கனூரில் கடை வைத்திருக்கிறான் என்பது எனக்குத் தலைகுனிவு. பரவாயில்லை, குடிக்கிறேன். உங்கள் ரைட்டர் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்.

பெயர் மொக்கச்சாமி. வயது எழுபத்தொன்று. போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. வீடு கீழே ஊருக்குள், சாமி புறப்படும் வீதியில். நீங்கள் வெளியூர்க்காரர், இன்ஸ்பெக்டர் அம்மா, அதனால் சொல்கிறேன். பங்குனி உத்திரத்தன்று சாமி எங்கள் வாசலில் நின்றுதான் நகரும். முதல் தேங்காய் எங்கள் தேங்காய். அந்த வாசலில் நிற்கிறவன் எப்படி நிற்க வேண்டும் என்பதை என் தகப்பனார் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் நின்றார், நான் பார்த்தேன்.

தொடக்கத்திலேயே ஒன்றை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். என் மகள் அனுசியாவை நான் அடித்ததில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட இல்லை. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைமேல் கை வைக்கிற பழக்கம் கிடையாது. அறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று எனக்குப் புத்தி சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. அவர்களுடைய நாகரிகம் அவ்வளவுதான்.

அவளை மதுரைக்கு வீணை படிக்க அனுப்பினேன். விண்ணப்பத்தில் வீணை என்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான். மூன்று வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அவள் தோளில் தவில் தொங்கியது. நடுவில் எப்போதோ மாற்றிக்கொண்டாளாம். என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மா செல்லத்தாய்க்கு மட்டும் தெரியும். என் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பால்காரருக்குக்கூட.

தவிலைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. கோயிலுக்கு அது வேண்டும், கல்யாணத்துக்கு வேண்டும். வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, வேட்டி துண்டு கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்புகிற குடும்பம் எங்களுடையது. கொடுக்கிற கை வேறு, வாங்கிக்கொள்கிற கை வேறு. இது ஒரு எளிய விஷயம். இதைப் புரிந்துகொள்ள இசைக் கல்லூரி தேவையில்லை.

அவள் வாசிப்பதற்குத் தயாராவதை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. கூடத்தில் என் நாற்காலி அந்த இடத்தில் கிடக்கிறது. காலையில் குளித்துவிட்டு ஒரு பித்தளைச் சட்டியில் வெந்நீரை வைத்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அமிழ்த்திக்கொண்டு உட்காருவாள். கண் மூடியிருக்கும். உதடு மட்டும் சொற்கட்டுகளை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொரு விரலாகப் பின்பக்கம் வளைத்துப் பத்து எண்ணி விடுவாள். கட்டைவிரலுக்கு மட்டும் இருபது. சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தோளைச் சாய்ப்பாள். இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று ஒரு வரிசை வைத்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதி முழுக்க நடக்க வேண்டுமே. பிறகு எண்ணெய். எண்ணெய் தோலில் இறங்கி விரல் உலர்ந்த பிறகு, கூடு. துணிக் கிழிசலைப் பசையில் தோய்த்து விரல் அளவுக்குச் சுற்றிக் காயவைத்த உறை அது. கல் மாதிரி இருக்கும். வலது கை விரல்களில் அதை மாட்டிக்கொண்டு தோலில் அடித்தால்தான் அந்தச் சத்தம் வரும். இடது கைக்குக் குச்சி.

"இன்னொரு இட்டிலி வச்சுக்க ஆத்தா" என்பாள் செல்லத்தாய்.

"வேணாம்மா. வயிறு நெறஞ்சா தோளு சொன்ன பேச்சுக் கேக்காது."

"உங்கப்பாவும் அப்படித்தான். ஏலத்துக்குப் போற அன்னைக்கு அரை வயித்துக்குத்தான் திம்பாரு."

இருவரும் சிரிப்பார்கள். ஏலக்காய் ஏலத்தில் உட்காருவதையும் தெருவில் மேளம் அடிப்பதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவளோடு நாற்பத்திரண்டு வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன். தேர் இழுக்கிறவன்கூட இவ்வளவு தயாராவதில்லை என்று ஒருநாள் சொன்னேன். "தேரு இழுக்க நூறு பேரு இருக்காக அப்பு. தவிலுக்கு நான் ஒருத்திதான்" என்றாள். பதில் சொல்வதில் குறைவில்லை.

சென்ற கார்த்திகையில் ஏல மையத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியின் தம்பி மொக்கையன், பத்து ஏக்கருக்கு மேல் கண்ணில் பார்த்திராதவன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"என்ன மச்சான், பிள்ளைக்கு மாப்ளே தேடுறீகளா, இல்ல மேளச் செட்டுக்கு நாயனம் தேடுறீகளா?"

சுற்றியிருந்தவர்கள் தட்டில் கிடந்த காயைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின. நானும் ஒரு காயை எடுத்து உரித்துப் பார்த்தேன். நல்ல காய். அடுத்த வாரம், தேவாரம் ஊரில் அனுசியாவுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றது. காரணம் சொல்லவில்லை. பெண்ணுக்கு நல்ல இடமாக அமையட்டும் என்று நாகரிகமாகச் சொல்லியனுப்பினார்கள். அந்த வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குச் சுவர் கிடையாது. அவர்கள் எனக்கு நாகரிகம் காட்டினார்கள்.

இதற்கெல்லாம் மேலே, நாயனக்காரர் முத்துக்கிருஷ்ணன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், இடம் தெரிந்து நிற்பவர், செருப்பை வாசலுக்கு வெளியே விட்டவர். பங்குனி உத்திரத்துக்கு அனுசியாதான் தவில் என்று கோயிலில் முடிவாகிவிட்டது, என் சம்மதம் வேண்டும் என்றார். எங்கள் வீதியில், எங்கள் வாசலில், நான் தேங்காயோடு நிற்கும்போது எதிரே என் மகள் தவில் அடிப்பாள். அதற்கு என் சம்மதம்.

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். குரலை உயர்த்தவில்லை.

"ஆத்தா, இந்தச் சோலி நமக்கு வேணாம். வீட்டுக்குள்ள வாசி. தெருவுல வேணாம்."

"தவிலு தெருவுக்குன்னே பொறந்தது அப்பு. வீட்டுக்குள்ள வாசிச்சா நம்ம காதுதான் அடைக்கும்."

"இந்த ஒரு தடவ மட்டும் வேற ஆளு வாசிக்கட்டும்."

"எட்டு வருசமா இந்த ஒரு தடவைக்குத்தான் கைய வளத்துக்கிட்டிருக்கேன். நம்ம வாசல்ல, நீங்க நிக்கும்போது வாசிக்கணும். வெளியூர்ல ஆயிரம் வாசிச்சாலும் எனக்கு அது கணக்குல இல்ல."

"எப்பத்தான் நிப்பாட்டுவ?"

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "இது ஓயிற அன்னைக்கு நானே எறக்கி வச்சிருவேன். யாரும் சொல்ல வேணாம்."

இதை அவள் வாயால்தான் சொன்னாள். நான் சொல்லவில்லை. எப்போது நிறுத்தலாம் என்பதற்கான நிபந்தனையை அவளே வகுத்துக் கொடுத்தாள்.

இங்கே சுடலையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். சிலமலைக்காரன். பதினெட்டு வருடம் தினமும் ஜீப்பில் ஏறிவந்து எங்கள் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவன். ஏலச் செடிக்கு மருந்து அடிக்காமல் காய் கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். பிறகு அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். தோட்டத்து ஆட்கள் அதற்கு மருந்துக் கை என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். தோட்டம் கேரள எல்லைக்குள் இருப்பதால் மலையாளத்து அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்து, "தொழிலாளிகளுக்கு கையுறை கொடுத்தோ?" என்று என்னிடம் கேட்டார். தேவைப்படவில்லை, அந்த மருந்து ஆளை ஒன்றும் செய்யாது, இவன் குடிகாரன், அதனால் நடுங்குகிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சுடலை அங்கேயே நின்றான். "மொதலாளி, நான் பீடிகூடக் குடிக்க மாட்டேனே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எதிர்த்துப் பேசத் தெரியாதவனுக்கு எதற்கு விசாரணை.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வருடத்தின் முதல் காய் எடுக்க மலைக்குப் புறப்படும் நாளில், வீட்டுக்கு மூத்தவர் வெள்ளிக் கரண்டியால் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் எண்ணெய் ஊற்றுவார். அவரவர் தேய்த்துக்கொண்டு புறப்பட வேண்டும். அந்த எண்ணெய் விழுந்த கை எடுத்த காரியத்தை முடிக்கும் என்பது நம்பிக்கை. ஆண்களுக்குத்தான் ஊற்றுவது. தை பிறந்து ஒரு வாரம் கழித்து, அனுசியா வெந்நீரிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் அந்தக் கரண்டியோடு போய் நின்றேன்.

"கைய நீட்டு ஆத்தா."

அவள் கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். செல்லத்தாய் அடுப்படியிலிருந்து வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பெண்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

அன்று ஊற்றியது வெறும் விளக்கெண்ணெய். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவசரப்படுகிறவன் இல்லை. அடுத்த வாரத்திலிருந்துதான் தோட்டத்து மருந்தைச் சேர்த்தேன். அதன் பெயரும் அளவும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கின்றன, நான் திரும்பச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுச் சுவரிலேயே தோட்டத்து மருந்து வாடை ஊறியிருக்கிறது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொல்ல வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. கொல்வது மூர்க்கர்கள் செய்கிற வேலை. பத்திரிகையில் வரும், நாலு பேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். எனக்கு வேண்டியது கை ஓய்வது. கை ஓய்ந்தால் அவளே இறக்கி வைப்பாள், யார்மேலும் குற்றம் இராது, ஒரு வருடத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுக்கலாம்.

தினமும் ஒரு கரண்டி. அவள் விரல் இடுக்குகளில் எல்லாம் நன்றாகத் தேய்ப்பாள். ஒருநாள், "அப்பு, நீங்களே தேச்சு விடுங்களேன். சின்னப் பிள்ளையில தலைக்கு வச்சு விடுவீகல்ல" என்றாள். வயதுக்கு வந்த பெண்ணைத் தகப்பன் தொடுவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை என்றேன். "வழக்கம், வழக்கம்" என்று சிரித்துக்கொண்டே தேய்த்தாள். அந்த நாட்களில் அவள் என்னோடு நிறையப் பேசினாள். மதுரையில் விடுதியில் சத்தம் என்று விரட்டினார்களாம், வைகை ஆற்று மணலில் உட்கார்ந்து சாதகம் செய்தாளாம். வீணையிலிருந்து ஏன் மாறினாய் என்று கேட்டேன். "சின்ன வயசுல உத்திரத்தன்னைக்கு உங்க தோள்மேல உக்காந்து பாத்தது இதத்தான அப்பு" என்றாள். அன்றும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

மாசி நடுவில் விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்றாள். சாதகம் அதிகமாகிவிட்டது என்று அவளே முடிவு செய்தாள். வெந்நீரில் இன்னும் கொஞ்சம் நேரம் வைத்தாள். எண்ணெயை இன்னும் கொஞ்சம் கேட்டாள். கேட்டதைக் கொடுத்தேன். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒருநாள் காப்பி டம்ளர் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் குனிந்து துடைத்தாள். நான் செய்தித்தாளைத் திருப்பினேன். இனி நிறுத்திவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. தன் வாக்கைத் தானே காப்பாற்றாத பிள்ளை என்று எனக்கு அப்போது வருத்தம்.

உத்திரத்தன்று அவள் தயாராக மூன்று மணி நேரம் ஆனது. கூடுகளை மாட்டும்போது விரல் நிற்கவில்லை. செல்லத்தாய்தான் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். மாட்டிய பிறகு நடுக்கம் வெளியே தெரியவில்லை. அன்றும் என்னிடம் கையை நீட்டினாள். ஊற்றினேன்.

முற்பகல் பதினோரு மணிக்குச் சாமி எங்கள் வாசலில் நின்றது. நான் தேங்காய்த் தட்டோடு நின்றேன். முத்துக்கிருஷ்ணன் நாயனத்தை இறக்கி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தனியாக வாசிக்க ஆரம்பித்தாள்.

கால் மணி நேரம் வாசித்தாள். இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஜனங்கள் பேச்சை நிறுத்தினார்கள் என்பது தெரியும். மாடியில் நின்றவர்கள் இறங்கி வந்தார்கள். சாமியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் தோள் மாற்றிக்கொள்ள மறந்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ, "யாரு வீட்டுப் பிள்ளப்பா" என்றார்கள். "இந்தா நிக்கிறாகல்ல, இவுக மக" என்று பதில் வந்தது. மொக்கையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மச்சான், அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்கிறாதீக. நீங்க குடுத்து வச்சவரு."

இதை அவன் கார்த்திகையில் சொல்லியிருக்கலாம். எதையும் காலத்தில் செய்யத் தெரியாத ஜென்மம். அவன் சொல்லி முடித்த நேரத்தில்தான் அவளுடைய இடது கையிலிருந்து குச்சி விழுந்தது.

யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வலது கையால் மட்டும் வாசித்துப் பார்த்தாள். தாளம் வழுக்கியது. முத்துக்கிருஷ்ணன் உடனே நாயனத்தை எடுத்து ஊதிச் சமாளித்தார். அவள் வீதி நடுவில் நின்று, கூடுகளைப் பல்லால் கடித்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தவிலை இறக்கி வைத்தாள். சொன்னபடியே யாரும் சொல்லாமல், தானாகவே.

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். சுடலை திருவிழாவுக்கு வந்திருந்தான். எங்கள் வாசற்படியில் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கைகள் துள்ளிக்கொண்டிருந்தன. அவன் கூட்டத்துக்குள்ளிருந்து வந்து அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். அவளுடைய கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரி ஆடின.

"தாயி," என்றான், "நீ எப்பம்மா மருந்தடிக்கப் போன?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் கையில் தேங்காய்த் தட்டு அப்படியே இருந்தது. அதிலிருந்த செம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை, எண்ணெய்ப் பாட்டில், ரிப்போர்ட். முழுக்கச் சரியாக வருமா என்பது தெரியாது, தவில் இனி முடியாது என்று டாக்டர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தீர்கள். என்ன தேடினீர்கள் என்று தெரியவில்லை.

எண்ணெயில் மருந்து கலக்கும்போது நான் போட்டுக்கொண்ட கையுறைகளை உங்களிடம் கொடுத்தது செல்லத்தாய்தான் என்பதும் எனக்குத் தெரியும். என் பீரோவில் துண்டுகளுக்கு அடியில் இருந்தன. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, நான் வாங்கிக் கொடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தாளாம். ஆட்டோவிலாவது வந்திருக்கலாம். வீதி முழுக்கப் பார்த்திருக்கும்.

நீங்கள் கேட்ட கேள்வியை உங்கள் வார்த்தையிலேயே ரைட்டர் எழுதட்டும். "ஏன் அய்யா, அந்த மருந்து ஆளை ஒண்ணும் செய்யாதுன்னு அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்திருக்கீங்க. பெறகு உங்களுக்கு மட்டும் எதுக்குக் கையுறை?"

பதினெட்டு வருடம் சுடலை கேட்டது அதே கையுறைதான். தேனியில் ஒரு கடையில் போய் நின்ற உடனே எடுத்துக் கொடுத்தார்கள். அப்படியொன்றும் கிடைக்காத பொருள் இல்லை. மருந்து என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். சுடலைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், தெரிந்துதான் என் மகள் கையில் ஊற்றினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். என் கையைப் பாருங்கள், ஆடவில்லை.

ஆனால் முதலில் சொன்னதை உங்கள் ரைட்டர் எழுதவில்லை, கவனித்தேன். அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருபத்தாறு வருடத்தில் நான் அவள்மேல் கை வைத்ததில்லை. அந்த எண்ணெயைக்கூடக் கரண்டியால்தான் ஊற்றினேன்.